முதுகுக்குள் ஓர் ஓடு

கற்பிட்டி
09.02.1997, ஞாயிறு

அன்புத் தங்கச்சி ரோஷானிக்கு,

அண்ணன் ரெஜினோல்ட் எழுதுவது. நான் சுகம். அம்மாவின் இடது கையில் கொஞ்சமாவது அசைவு வந்ததா? போன கடிதத்தில் மழையைப் பற்றியும் அட்டைக்கடியைப் பற்றியும் ஒரு பக்கம் எழுதிவிட்டு, அம்மாவைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதியிருந்தாய். பலாங்கொடை கிளினிக்குக்குக் கூட்டிப்போனாயா, என்ன சொன்னார்கள், எல்லாம் விவரமாக எழுது.

இங்கே எனக்கு ஒரு தலைவலி வந்திருக்கிறது. நாங்கள் கடலோரக் களப்பில் கடற்புல் எண்ணுகிறவர்கள் என்று உனக்குத் தெரியும். கம்பிச் சட்டத்தைத் தண்ணீருக்குள் வைத்து, அதற்குள் எத்தனை புல், எத்தனை சிப்பி, எத்தனை நண்டு என்று எழுத வேண்டும். போன செவ்வாய்க்கிழமை தண்ணீர் வற்றி முழங்காலளவு இருந்தது. எங்கள் படகுக்காரர் ஜுனைதீன் நானா புல்லுக்குள் கையை விட்டு எதையோ எடுத்து என் வாளியில் போட்டார். ஒரு சாண் நீளம். பாசி படிந்த கல்லின் நிறம். உடம்பெல்லாம் சின்னச் சின்ன முள் மாதிரி, ஆனால் தொட்டால் மெத்தென்று இருக்கிறது. வழவழவென்று நத்தை போல ஊர்கிறது, ஓடு மட்டும் இல்லை. பேர் என்ன என்று நானாவிடம் கேட்டேன். "தின்னவும் ஏலா, விக்கவும் ஏலா. அதுக்கெதுக்குத் தம்பி பேரு?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

எனக்கு அப்படிப் போக முடியாது. எங்களுக்கு மேலே இருக்கிற சிங்கள மிஸ் மாதக் கடைசிக்குள் பேரைக் கண்டுபிடித்துப் போத்தலில் எழுதி ஒட்டச் சொல்லிவிட்டார். ஒரு தடித்த இங்கிலீஷ் புத்தகமும் தந்திருக்கிறார். அதில் ஒவ்வொரு அடியிலும் ஒரு கேள்வி, இரண்டு வழி. ஓடு உண்டா, இல்லையா? இல்லை என்று போனால் முதுகில் இறகு போன்ற செவுள் உண்டா என்று கேட்கிறது. அதுவும் இல்லை. அடுத்த கேள்விக்குப் போனால் அது என்னைச் சுற்றவிட்டு முதல் பக்கத்துக்கே கொண்டுவந்து விடுகிறது. நான்கு நாளாக இதே சுற்று. எங்கள் ஐந்து பேரில் ஏப்ரலுக்குப் பிறகு இரண்டு பேரைத்தான் வைத்துக்கொள்வார்களாம்.

ஏ.எல். பரீட்சையில் பயோவுக்கு உனக்கு பி, எனக்கு வெறும் பாஸ் எஸ். அதனால் வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன். அந்தக் கேள்விகளை எல்லாம் தமிழில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். கொஞ்சம் பார்.

ஈஸ்டர் முடிந்த கையோடு வருகிறேன். சொன்ன சொல் சொன்னதுதான். அம்மாவுக்கு என் முத்தம்.

உன் அண்ணன்
அ. ரெஜினோல்ட்


வெல்பர்ன் தோட்டம், கீழ்க்கணக்கு
பலாங்கொடை
19.02.1997

அன்புள்ள அண்ணனுக்கு ரோஷானி எழுதிக்கொள்வது,

இங்கே அம்மாவும் நானும் ஆண்டவர் தயவில் உயிரோடு இருக்கிறோம். நலம் என்று பொய் எழுதினால் அப்புறம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போக வேண்டிவரும். உங்கள் கடிதம் வியாழக்கிழமையே தோட்டத்து ஆபீசுக்கு வந்துவிட்டதாம். கிளாக்கர் மாத்தயா சனிக்கிழமைதான் என் கையில் கொடுத்தார். லயத்து ஆட்களுக்கு வருகிற கடிதத்துக்கு என்ன அவசரம் என்று அவருக்கு நினைப்பு.

அம்மாவை கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். கூட்டிப்போனேன் என்று எழுதுவது சுலபம். மேட்டிலிருந்து பஸ் ரோட்டு வரைக்கும் நாலு பேர் நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். கை அப்படியேதான் இருக்கிறது. பேச்சு மட்டும் இரண்டு மூன்று சொல் தெளிவாக வருகிறது. பகலில் லயத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கிற அழகம்மா அக்கா தண்ணீர் கொடுக்கிறார். பன்னிரண்டு மணிக்குக் கொழுந்து நிறுத்ததும் நான் ஓடிவந்து அம்மாவைத் திருப்பிப் படுக்கவைத்துவிட்டு மறுபடியும் மலைக்கு ஓடுகிறேன். ஒரு நாள் பிந்திவிட்டேன் என்று ஏழுமலை கங்காணி அரைப்பேர் போட்டு அரை நாள் சம்பளத்தை வெட்டிவிட்டார்.

உங்கள் பூச்சிக்கு வருமுன் என் கதையையும் கொஞ்சம் நினைவுபடுத்துகிறேன். அப்பா செத்து எட்டாம் நாள் கிளாக்கர் மாத்தயா நம் வாசல் இஸ்தோப்பில் வந்து நின்று சொன்னது உங்களுக்கு மறந்திருக்காது. வீட்டில் ஒருவராவது தோட்டத்து வேலைப் பதிவான செக்ரோலில் பேர் போட்டு வேலை செய்தால்தான் காம்பரா, இல்லாவிட்டால் ஒரு மாதத்தில் சாமானை வெளியே எடுக்க வேண்டும் என்றார். அப்போது உங்கள் பேர் இருந்தது. பிறகு கற்பிட்டி வேலை வந்தது. "ஆறு மாசம் மட்டும் என் எடத்துல நில்லு, நான் வந்து பேர் போட்டதும் நீ கெளம்பு" என்று சொன்னீர்கள். இப்போது பதினைந்து மாதம் ஆகிறது. நான் எண்ணவில்லை, செக்ரோல் எண்ணுகிறது. வெளியே போய் என்ன செய்வாய் என்று எல்லோரும் கேட்கிறார்கள். இரத்தினபுரியில் கடையில் நின்று துணி கிழித்துக் கொடுத்தாலும் சரி. முதலில் வெளியே போக வேண்டும். காலையில் பேர் வாசிக்கிற பெரட்டுக்குப் போய் நிற்கும்போது சில நாள் எனக்கு மூச்சு முட்டுகிறது, அண்ணா. இதை அம்மாவிடம் சொல்ல முடியாது, அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

சரி, பூச்சி. நீங்கள் எழுதியது போதாது. அதற்கு முகத்தில் கொம்பு எத்தனை? இரண்டா, இரண்டு சோடியா? பின்பக்கம் வால் போல ஒடுங்கிப் போகிறதா, இல்லை கத்தியால் சரிவாக வெட்டியது போல நிற்கிறதா? தொட்டால் ஏதாவது பீய்ச்சுகிறதா? நிறத்தைத்தான் எல்லோரும் முதலில் எழுதுவார்கள். அதைத்தான் கடைசியாக நம்ப வேண்டும்.

இன்னொன்று. ஓடு இல்லை என்று எப்படி முடிவு செய்தீர்கள்? கண்ணுக்குத் தெரியவில்லை என்றுதானே? நம் கோவாப் பாத்தியில் ஓடில்லாத நத்தைகள் ராத்திரியெல்லாம் வந்து இலையை அரித்துவிடுகின்றன. உப்புப் போட்டுச் சுருட்டினேன். காய்ந்த பிறகு பார்த்தால் ஒவ்வொன்றின் முதுகுக்குள்ளும் சுண்டுவிரல் நகமளவு ஒரு வெள்ளைத் தகடு இருந்தது. அப்படியென்றால் அதற்கு ஓடு இருக்கிறது, உள்ளே இருக்கிறது. உங்கள் பூச்சிக்கும் அப்படி இருக்கலாம். நீங்கள் முதல் கேள்வியிலேயே வழி தவறியிருப்பீர்கள், அதற்குப் பிறகு எத்தனை தரம் சுற்றினாலும் பேர் கிடைக்காது.

வெட்டிப் பார்க்க வேண்டாம். உயிரோடு இருக்கும்போதே பெருவிரலால் முதுகின் மடிப்புக்குக் கீழே மெதுவாக அழுத்திப் பாருங்கள். நீங்கள் சொன்னதை வைத்து ஒரு படம் வரைந்திருக்கிறேன். அழுத்த வேண்டிய இடத்தில் புள்ளி வைத்திருக்கிறேன். கடலையே பார்க்காதவள் கடல் பூச்சியை வரைகிறாளே என்று சிரிக்காதீர்கள்.

ஈஸ்டர் மார்ச் முப்பது. நான் கலண்டரில் வட்டம் போட்டுவிட்டேன்.

உங்கள் தங்கச்சி
ரோஷானி

பி.கு. ஏப்ரலுக்குப் பிறகு இரண்டு பேரைத்தான் வைத்துக்கொள்வார்கள் என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள்தான் ஏப்ரலில் இங்கே வந்துவிடுவீர்களே, அதைப் பற்றி உங்களுக்கு என்ன கவலை?


கற்பிட்டி
03.03.1997

என் கெட்டிக்காரத் தங்கச்சிக்கு,

இருக்கிறதடி, ஓடு இருக்கிறது! உன் கடிதம் வந்த நேரம் நான் சோறு தின்றுகொண்டிருந்தேன். கையைக் கழுவாமலேயே அதை விட்டிருந்த தொட்டிக்கு ஓடினேன். நீ புள்ளி வைத்த இடத்தில் அழுத்தினால் தோலுக்குக் கீழே கெட்டியாக ஒன்று தட்டுப்பட்டது. அது உடனே கோபப்பட்டு ஊதா நிறத்தில் மையைப் பீய்ச்சிவிட்டது. தொட்டித் தண்ணீர், என் கை, அம்மா தைத்துத் தந்த வெள்ளைச் சட்டை எல்லாம் ஊதா. சட்டை போய்விட்டது. அம்மாவிடம் சொல்லாதே.

கொம்பு இரண்டு சோடி. பின்பக்கம் நீ கேட்ட மாதிரியே சரிவாக வெட்டிய தட்டு. ஓடு உண்டு என்ற வழியில் போனேன், ஐந்தே கேள்வி, பேர் வந்துவிட்டது. கடல் முயல் என்று ஒரு கூட்டமாம், மேல் கொம்பு இரண்டும் முயலின் காது மாதிரி நிற்பதால் அப்படிச் சொல்கிறார்கள். அதில் இது டொலபெல்லா என்ற வகை. மிஸ் வேறு கடலிலிருந்து வந்த பழைய போத்தல் ஒன்றிலிருந்து செத்ததின் ஓட்டை எடுத்துக் காட்டினார். காது மடல் போல வளைந்து இருந்தது. உலகத்தில் புதிது ஒன்றும் இல்லை, ஆனால் எங்கள் களப்புப் பதிவில் இதுவரைக்கும் யாரும் எழுதவில்லையாம். மிஸ் என் தோளில் தட்டி, ஓடு இல்லை என்று எல்லோரும் விட்டுவிடுகிற இடத்தில் நின்று யோசித்தாயே என்றார்.

உன் படம் என் மேசையில் கிடந்தது. அதையும் எடுத்துப் பார்த்தார், வெகு நேரம் பார்த்தார். யார் வரைந்தது என்று கேட்டார். வீட்டில் வரைந்தது என்று சொன்னேன்.

ஈஸ்டர் விஷயம் ஒன்று சொல்ல வேண்டும். கோபப்படாதே. மார்ச் கடைசியில் தண்ணீர் நன்றாக இறங்குகிற பெரிய வற்று வருகிறது, தென்பக்கம் முழுவதையும் எண்ணி முடிக்க வேண்டும். பாதியில் விட்டுவிட்டு வந்தால் மரியாதையாக இருக்காது. முடிந்தவரைக்கும் பார்க்கிறேன். ஒரு கிழமை முன்பின் ஆனால் கிளாக்கர் மாத்தயாவிடம் நீயே பேசிச் சமாளித்துக்கொள். உனக்குத்தான் சிங்களம் என்னைவிட நன்றாக வருமே.

அம்மாவின் நெற்றியில் எனக்காகச் சிலுவை போடு.

அண்ணன்
ரெஜினோல்ட்


வெல்பர்ன், கீழ்க்கணக்கு
06.04.1997

அண்ணனுக்கு,

பெரிய வெள்ளிக்கு வரவில்லை. உயிர்த்த ஞாயிறுக்கும் வரவில்லை. ஒரு கிழமை முன்பின் என்றீர்களே, அந்தக் கிழமையும் இன்றோடு முடிந்தது. கடிதமும் இல்லை.

நடந்ததைச் சொல்கிறேன், உங்களுக்குத் தெரிய வேண்டும். மார்ச் இருபத்தைந்தாம் திகதி நான் ஆபீசுக்குப் போய், மாதக் கடைசியோடு என் பேரை வெட்டிவிட்டு ஒன்றாம் திகதியிலிருந்து அண்ணன் பேரைப் போடுங்கள் என்று சொன்னேன். ஆள் வராமல் பேர் போடுவது வழக்கமில்லை என்று கிளாக்கர் மாத்தயா இழுத்தார். எங்கள் அண்ணன் சொன்னால் வருவார் என்று சொன்னேன். அண்ணா, அதை நான் எவ்வளவு பெருமையாகச் சொன்னேன் தெரியுமா? அவர் பென்சிலால் எழுதிக்கொண்டார். நான் வந்து பையைத் துவைத்துக் காயப்போட்டேன். உடுப்பு நாலையும் மடித்து வைத்தேன். அம்மா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

ஒன்றாம் திகதி காலையில் நான் பெரட்டுக் களத்தின் ஓரத்தில் நின்றேன், நீங்கள் முதல் பஸ்ஸில் வந்து நேராக அங்கே ஏறி வருவீர்கள் என்று. ஏழுமலை கங்காணி பேர் வாசித்தார். ரெஜினோல்ட் என்றார். ரெஜினோல்ட் என்று இன்னொரு தரம் கூப்பிட்டார். பின்னால் நின்ற பெடியன் ஒருவன், இன்றைக்கு ஏப்ரல் ஒன்று கங்காணியாரே என்று சொன்னான். களம் முழுக்கச் சிரித்தது. கங்காணி என்னைத் திரும்பிப் பார்த்தார். பாவம், அவர் சிரிக்கவில்லை. "என்னா புள்ள செய்ய?" என்று மெதுவாகக் கேட்டார். என் பேரையே போடுங்கள் என்று சொல்லிவிட்டு, கூடை கொண்டுவரவில்லை என்பதால் அழகம்மா அக்காவின் பழைய கூடையை வாங்கிக்கொண்டு மலை ஏறினேன்.

அன்றைக்குப் பதினெட்டுக் கிலோ எடுத்தேன். கோபத்தில் கை வேகமாக ஓடியது.

அண்ணா, வரமாட்டேன் என்றால் வரமாட்டேன் என்று எழுதுங்கள். நான் அழுவேன், திட்டுவேன், பிறகு சும்மா இருப்பேன். இப்படி ஒவ்வொரு மாதமும் உடுப்பை மடித்து மடித்துப் பிரிக்க என்னால் முடியாது. வரமுடியும் என்றால் நாள் சொல்லுங்கள். இரண்டில் ஒன்று.

ரோஷானி


கற்பிட்டி
11.05.1997

தங்கச்சி,

இந்தக் கடிதத்தை மூன்று தரம் எழுதிக் கிழித்தேன். இதைக் கிழிப்பதில்லை என்று மேசையில் உட்கார்ந்திருக்கிறேன்.

நீ கேட்டாய், இரண்டில் ஒன்று என்று. நான் வரமாட்டேன். இந்த மாதத்திலிருந்து எனக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. அந்தக் கடல் முயலால்தான். போத்தலில் ஒட்டிய தாளில் இனங்கண்டவர் என்று ஒரு இடம் உண்டு. அதில் அ. ரெஜினோல்ட் என்று எழுதியிருக்கிறது. எழுதியது நான்தான்.

இதோடு நின்றிருந்தால் நீ ஒரு நாள் மன்னித்திருப்பாய். இன்னும் இருக்கிறது. உன் படத்தை மிஸ் பார்த்தார் என்று எழுதினேன் அல்லவா? அன்று அவர் கேட்டதில் பாதியைத்தான் உனக்கு எழுதினேன். தங்கச்சி வரைந்தது என்று பிறகு சொன்னேன். உன் கடிதத்தையும் வாசித்துக் காட்டச் சொன்னார், சிங்களத்தில் சொல்லிக் காட்டினேன். உப்புப் போட்ட நத்தைக் கதைக்கு எழுந்து நின்றுவிட்டார். இங்கே போத்தல்களை ஒழுங்கு பண்ணவும் படம் வரையவும் ஒரு பெண் வேண்டும், தங்குவதற்கு அறையும் உண்டு, உன் தங்கச்சியை, அந்த நங்கியைக் கூட்டிக்கொண்டு வா என்றார். ஏப்ரல் இருபத்தைந்துக்கு முன்பு கூட்டிவந்து காட்டச் சொன்னார். இரண்டு தரம் நினைவுபடுத்தினார். மூன்றாம் தரம் கேட்டபோது, அவளுக்குக் கல்யாணம் பேசியிருக்கிறது, வீட்டில் விடமாட்டார்கள் என்று சொல்லிவிட்டேன். மே இரண்டாம் திகதி வென்னப்புவைப் பக்கத்துப் பெண் ஒருத்தியை எடுத்துவிட்டார்கள். நல்ல பிள்ளை. கோடு கோணலாகப் போடுகிறாள்.

நீ வந்தால் நான் அங்கே போக வேண்டும். ஒருவர் வெளியே என்றால் ஒருவர் உள்ளே. அம்மாவை இங்கே கொண்டுவந்து வைக்க எனக்கு இடமில்லை, நாங்கள் நாலு பேர் ஒரு அறையில் கிடக்கிறோம். இதையெல்லாம் யோசித்தேன் என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மையில் நான் யோசித்தது உரமூட்டையைத்தான். உனக்குத் தெரியாது, மேல்மலையில் மூட்டையோடு நான் விழுந்த அன்று துரை என்னைப் பார்க்கவில்லை, மூட்டை கிழிந்ததா என்று பார்த்தார். அன்றைக்கே என் மனது அந்தத் தோட்டத்தை விட்டுப் போய்விட்டது. திரும்பிப் போ என்று யாராவது சொன்னால் எழுந்து வெளியே போய்விடுகிறேன். நான் கோழை, ரோஷானி. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் என்னால் முடியாது.

அடுத்த வருடம் இன்னொரு இடம் வரலாம் என்கிறார்கள். அப்போது நிச்சயமாக உன்னைச் சொல்வேன். அதற்குள் அம்மாவும் கொஞ்சம் தேறிவிடுவார். உனக்குப் பிடித்ததைத் திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

அண்ணன்


கற்பிட்டி
08.06.1997

தங்கச்சி ரோஷானிக்கு,

ஒரு மாதமாகப் பதில் இல்லை. கடிதம் ஆபீசில் கிடக்கிறதோ என்று நினைத்துக்கொண்டு இருக்கிறேன். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று கும்பிடுகிறேன். அம்மாவுக்கு ஒன்றும் இல்லையே? ஒரு வரி போதும். திட்டி ஒரு வரி எழுதினாலும் போதும்.

ரெஜினோல்ட்


வெல்பர்ன், கீழ்க்கணக்கு
29.06.1997

அண்ணனுக்கு,

இரண்டு கடிதமும் கிடைத்தன. ஆபீசில் கிடக்கவில்லை. என்னிடம்தான் இருந்தன. அம்மா அப்படியே இருக்கிறார், பயப்பட ஒன்றுமில்லை.

உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். முழுக்கவும் காட்டினேன், ஒன்றையும் விடவில்லை. அம்மாவிடம் இதை மறைத்துவைத்துக்கொண்டு அவரைத் திருப்பிப் படுக்கவைக்க எனக்கு வரவில்லை. மூட்டையோடு நீங்கள் விழுந்த இடத்தில் அம்மா அழுதார். எனக்கும் தெரியாதுதான் அது. சொல்லியிருக்கலாம். கல்யாணம் பேசியிருக்கிறது என்று நீங்கள் சொன்ன இடத்தில் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, "அவன் பயந்தவன்" என்று சொன்னார். தெளிவாக வந்தது. நானும் பயந்தவள்தான் அம்மா, ஆனால் எனக்கு அதற்கு நேரம் கிடைக்கவில்லை என்று சொன்னேன். நல்ல கையால் என் தலையைத் தேடித் தடவினார்.

நான் அழவில்லை என்று நினைக்காதீர்கள். தேயிலைக்குள் நின்று அழுதேன். இரண்டு நாள் யார் கூப்பிட்டாலும் திரும்பவில்லை. மையைப் பீய்ச்சுகிற ஒரு பூச்சிக்கு நான் பேர் தேடிக்கொடுத்தேன், அது உங்களை அங்கே உட்காரவைத்தது, என்னை இங்கே வைத்துப் பூட்டியது. உங்களுக்கு அது தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியாமல் போனது. போத்தலில் உங்கள் பேர் இருப்பது எனக்குப் பெரிதில்லை, அண்ணா. என்னை ஒருவர் வரச்சொல்லிக் கேட்டார். என் கடிதத்தைக் கேட்டு, என் படத்தைப் பார்த்து, என்னைக் கூட்டிக்கொண்டு வா என்று மூன்று தரம் ஒருவர் கேட்டிருக்கிறார். என் இருபத்தைந்து வருடத்தில் அப்படி யாரும் கேட்டதில்லை. அது நடந்ததே எனக்குத் தெரியாமல் நான் இங்கே கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்தேன். இதை எப்படி மன்னிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. ஃபாதரிடம் கேட்டேன், செபம் பண்ணு மகளே என்றார்.

உங்கள் மிஸ்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினேன். சிங்களத்தில், நல்ல கையெழுத்தில், கல்யாணம் பேசியது பொய் என்று உள்ளதை உள்ளபடி எழுதினேன். தபால் முத்திரையும் ஒட்டினேன். இரண்டு நாள் கையில் வைத்திருந்துவிட்டு அடுப்பில் போட்டுவிட்டேன். அதை அனுப்பியிருந்தால் உங்கள் வேலை போயிருக்கும். வேலை போனால் நீங்கள் இங்கேதான் வரவேண்டும், வந்தால் பேர் போடவேண்டும், நான் போயிருக்கலாம். வழி திறந்துதான் கிடந்தது. ஆனால் ஒருவரைப் பிடித்து உள்ளே தள்ளிவிட்டு நான் வெளியே போவதா? உங்களால் முடிந்தது என்னால் முடியவில்லை. இதை நல்லவள் என்று காட்டிக்கொள்ள எழுதவில்லை. அந்தக் கடிதம் எரிந்து முடிந்ததும் ஏன் எரித்தேன் என்று எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது. இன்னும் வருகிறது.

பிறகு கிளாக்கர் மாத்தயாவைப் போய்ப் பார்த்தேன். அம்மாவை அழகம்மா அக்காவிடம் விட்டுவிட்டு, அந்த அக்கா பேரில் நம் காம்பராவைக் கொஞ்ச காலம் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா என்றார். அம்மா அப்பாவோடு முப்பது வருடம் கொழுந்து எடுத்தவர், அவருக்காக விடமுடியாதா என்று கேட்டேன். துரையிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார். மூன்றாம் நாள் இல்லை என்று சொன்னார். மனிதர் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, ஃபைலைப் பார்த்துச் சொன்னார்.

அப்படியென்றால் காம்பராவை என் பேரில் எழுதுங்கள் என்று கேட்டேன். இவ்வளவு காலம் வேலை செய்தது நானாக இருந்தாலும் பதிவில் அப்பா பேரும், அவருக்குப் பிறகு உங்கள் பேரும்தான் இருந்தது. நான் உங்கள் இடத்தில் நிற்கிறவள். அதை மாற்ற வேண்டும் என்று சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "ஒங்க அண்ணன் பேர வெட்டுனா திருப்பிப் போட ஏலாது. அவரு வந்து ஒங்களுக்குப் பதிலா நிக்கவும் ஏலாது. தெரியும்தானே நங்கி?" என்று கேட்டார். தெரியும் என்று சொன்னேன். அம்மாவிடம் கேட்டீர்களா என்றார். கேட்டேன் என்று சொன்னேன். அதுவும் உண்மைதான். அம்மா வேண்டாம் என்று மூன்று தரம் சொன்னார், நான் செய்யப்போகிறேன் என்று மூன்று தரம் சொன்னேன்.

ஏன் இப்படிச் செய்தாய், உன் வழியை நீயே அடைத்துக்கொண்டாயே என்று நீங்கள் கேட்பீர்கள். அழகம்மா அக்காவும் அதையேதான் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். அண்ணா, மலையில் நிற்பதுகூட எனக்குப் பழகிவிட்டது. பஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் கை நின்றுபோவதுதான் பழகவில்லை. அடுத்த வருடம் இன்னொரு இடம் வரலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் இன்னும் ஒரு வருடம் ரோட்டைப் பார்த்துக்கொண்டு இருப்பேன் என்று நினைத்தீர்கள். நினைத்தது சரிதான், பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பேன். அதனால்தான் உங்கள் பேரை வெட்டச் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை எழுதி முடித்தார்கள். கீழ்க்கணக்கு, ஏழாம் லயம், நாலாம் காம்பரா. இருப்பவர்கள் இரண்டு பேர், அ. ரோஷானி, தாய் தெரேசம்மா. நான் பேனாவால் கையெழுத்துப் போட்டேன்.

உங்களுக்குத் திட்டி எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன், அது வரவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீருக்குள் நின்று வேலை செய்கிறவர், காலைத் துடைக்காமல் படுக்காதீர்கள்.

டிசம்பரில் நத்தாருக்கு அம்மாவைப் பார்க்க வருவதாக இருந்தால் வாங்க, வேண்டாம் என்று சொல்லவில்லை. பதிவில் பேர் இல்லாதவர் லயத்தில் தங்குவதென்றால் முன்கூட்டியே ஆபீசில் சொல்ல வேண்டும், மூன்று இரவுக்கு மேல் விடமாட்டார்கள். வருகிற நாளையும் போகிற நாளையும் எழுதி அனுப்புங்கள். நான் கிளாக்கர் மாத்தயாவிடம் அனுமதித் துண்டு வாங்கி வைக்கிறேன்.

இப்படிக்கு
அ. ரோஷானி